மூன்றாவது மடிப்பில் ஒரு கட்டம்

அப்பாவின் பெயின்ட் ஷேட் கார்டில் அந்தக் கட்டம் மூன்றாவது மடிப்பில், கீழிருந்து இரண்டாவதாக இருந்தது. தீப்பெட்டியின் பாதி அளவு. அதன் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் மெஜந்தா என்று அச்சிட்டிருக்கும். பெயின்ட் கம்பெனி ஆபீஸில் வண்ணங்களின் பெயர்களைப் பிழையில்லாமல் அச்சுக்கு அனுப்புவது அப்பாவின் வேலை. அந்த வேலையை அவர் ஆபீஸோடு விட்டுவிட்டு வரவில்லை, மயிலாப்பூரில் இருந்த எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஒரு சொல்லின் கதையை அவர் தொடங்கிவிட்டால் முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே பழகிவிட்டது. சாம்பார் ஆறினாலும் கேட்டுக்கொண்டிருப்போம்.

அம்மா மட்டும் விதிவிலக்கு. தி. நகரில் ஒரு தீபாவளிக்கு எடுத்த அந்த நிறத்துப் பட்டுப்புடவையை அவள் பிரித்துக் காட்டியபோது அப்பா ஆரம்பித்தார். இத்தாலியில் மெஜந்தா என்பது ஓர் ஊரின் பெயர், அங்கே ஒரு போர் நடந்தது, அதே சமயத்தில்தான் பிரான்சில் இந்தச் சாயத்தைக் கண்டுபிடித்தார்கள், ஜெயித்த சந்தோஷத்தில் ஊரின் பெயரையே சாயத்துக்கு வைத்துவிட்டார்கள். "ஸ்பெல்லிங்ல ஜே போடப்படாது, ஜிதான்" என்பது வரைக்கும் வந்துவிட்டார். அம்மா புடவையை மடித்தபடியே, "போறும். ராணி கலர்னு கேட்டேன், கடைக்காரன் எடுத்துக் குடுத்தான். உங்க இத்தாலிய அவன் கேக்கலை" என்றாள். அப்பா சிரித்துவிட்டார். அவரை அப்படி நடுவில் நிறுத்த அவளால்தான் முடியும்.

தொண்ணூறுகளின் நடுவில் அம்மாவுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியது. முதலில் பெயர்கள், பிறகு தெருக்கள். ஒருநாள் காலை, குளத்தைச் சுற்றிக் காய் வாங்கி வருகிறேன் என்று அந்தப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். காய் வாங்கப் பட்டெதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மதியம்வரை அவள் வராததால் நானும் அப்பாவும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம்.

ஏட்டு நல்ல மனிதர்தான். வயது, உயரம், நகை எல்லாம் எழுதிக்கொண்டு, "பொடவ இன்னா கலர் சார்?" என்றார். "மெஜந்தா" என்றார் அப்பா. ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். "அப்டீன்னா? ரோஸா, சேப்பா?" "ரெண்டுமில்லே. அது ஒரு ஊரோட பேர்." அப்பா தொடங்கினார். இத்தாலி வந்தது, போர் வந்தது, சாயம் வந்தது. அவர் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராணி கலர் என்ற இரண்டு சொற்கள் என் வாயிலேயே இருந்தன. அப்பா முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். எம், ஏ, ஜி என்று அவர் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் ஏட்டு 'சிவப்பு' என்று எழுதிப் பக்கத்தைத் திருப்பிவிட்டார். அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். எழுந்து வந்துவிட்டேன்.

நான்காம் நாள் அம்மாவின் போட்டோவோடு தேடிக்கொண்டே கடலோரத்து மீனவர் பகுதியான ஊரூர் குப்பம் வரை போனேன். மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி போட்டோவைக் கையில் வாங்கியதும், "இந்தம்மாவா? ராணி கலர் பட்டு கட்டிக்கினு வந்துச்சே!" என்றாள். "அன்னிக்கு சாயந்தரம் எங்க வூட்டாண்டதான் குந்திகினு டீ குடிச்சிது. அப்புறம் நா மீன் விக்கற எடத்துக்கு ஸ்டேஷன்லேர்ந்து ஒருத்தர் வந்து சேப்புப் பொடவ கட்டின அம்மாவப் பாத்தியான்னு கேட்டாரு. இல்லியேன்னுட்டேன். இது வேறன்னு நெனச்சேன்மா. போட்டோ கீட்டோ எதுவும் காட்டல. இருட்டறதுக்குள்ள எயுந்து போய்ட்டுச்சு." சொல்லிவிட்டு அவள் அழுதாள். எனக்கு வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல தப்பில்லீங்க" என்றேன்.

ஸ்டேஷனுக்குப் போய் நிறத்தைத் திருத்தி எழுதச் சொன்னேன். அப்பாவிடம் மட்டும், குப்பத்தில் யாரும் பார்க்கவில்லையாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா கிடைக்கவே இல்லை. அப்பா அதன்பின் எந்தச் சொல்லின் கதையையும் சொல்லவில்லை, சாம்பாரைச் சூடாகவே சாப்பிட்டார். ஒரேயொரு தடவை, "புடவை கலர சரியாத்தானேம்மா சொன்னேன்?" என்று கேட்டார். "சரியாத்தாம்பா சொன்னேள்" என்றேன். அது பொய்யும் இல்லை. அவர் போய்ப் பல வருஷமாகிறது.

போன மாதம் என் வேளச்சேரி ஃப்ளாட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் ஷேட் கார்டை நீட்டினார். இப்போதெல்லாம் அது புத்தகம்போல் தடிமனாக இருக்கிறது. என் விரல் தானாகவே தேடிப்போய் ஓரிடத்தில் நின்றது. அவர் எட்டிப் பார்த்து, "இது இன்னா கலர்மா?" என்றார்.

"ராணி கலர்" என்றேன். அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

"சொவுத்துக்கு அடிக்கவா?"

"வேண்டாம்" என்று கார்டை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.