புளி போட்டு மினுக்கிய பதக்கம்

இத்தாலியில், பலெர்மோவில், அம்மா வேலை செய்த வீட்டுக்கார அம்மாவைச் சிஞ்ஞோரா என்போம்; அவர் பதக்கங்கள் சேர்த்தார். படைவீரர்களின் பதக்கங்கள் அல்ல. நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் பெண்கள் தங்களுக்கென்று சங்கங்கள் வைத்திருந்தார்களாம். கூட்டங்களுக்கு நெஞ்சில் குத்திக்கொண்டு போனவை இவை. ஊசியில் தொங்கும் நாடா, அதன் நுனியில் பொன்முலாம் பூசிய வட்டம். நாடா ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. உறுப்பினர் ஒருத்தி இறந்தால் மற்றவர்கள் கறுப்பைத் திருப்பிக் குத்திக்கொள்வார்கள். சிஞ்ஞோராவின் பாட்டியுடைய தங்கை பலெர்மோவிலிருந்து கப்பலேறிப் போய் அப்படியொரு சங்கத்தில் சேர்ந்தவர். அந்தச் சங்கத்தின் பதக்கத்தைத்தான் சிஞ்ஞோரா தேடினார். மற்ற முப்பத்தேழும் தேடும் வழியில் அகப்பட்டவை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவியதால், சனிக்கிழமைகளில் வீட்டில் என்னைப் பார்க்க ஆளில்லை; அம்மா என்னையும் கூட்டிப்போவார். வியா மக்வேதா என்ற பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து, நாலாம் மாடி. அங்கே எனக்கு ஒரே வேலை: கதிரையில் இருந்துகொண்டு எதையும் தொடாமல் இருப்பது. அதை நான் சரியாகச் செய்ததில்லை.

ஒரு சனிக்கிழமை, தேடிய பதக்கம் கிடைக்கப்போவதாகச் சிஞ்ஞோரா அம்மாவிடம் சொன்னார். மெஸ்ஸினாவிலிருந்து ஒரு பெண் அன்று பின்னேரம் அதைக் கொண்டு வருகிறார். மாற்றாகத் தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அவர் எடுத்து வைத்திருந்ததைப் பார்த்தேன். கறுத்துப் போயிருந்தது. இந்த ஊத்தையை யார் வாங்குவார்கள் என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

சாமி விளக்கை அம்மா புளி போட்டுத்தான் மினுக்குவார். காலையில் சந்தையில் வாங்கிய புளி பையில் இருந்தது. சிஞ்ஞோரா மதியத் தூக்கத்தில். அம்மா பின்னறையில் உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தேய்த்தேன். பளபளத்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் தேய்க்க, அழுக்கோடு பொன்னும் போனது, எழுத்துகளும் போயின. சிவப்பு நாடா திட்டுத்திட்டாய்ப் பழுப்பானது.

அம்மா வந்து பார்த்தார்.

“என்னடி செய்தனி?”

“மினுக்கினனான்.”

அடி விழும் என்று நினைத்தேன். அவர் என் கைகளைக் குழாயில் கழுவி, என்னைக் கதிரையில் இருத்தினார். “வாய் திறக்கக் கூடாது. விளங்குதோ?”

சிஞ்ஞோரா எழும்பி வந்தபோது அம்மா தன் அரைகுறை இத்தாலியத்தில், “நான், சிஞ்ஞோரா. நான்தான் கழுவினேன்” என்றார். சிஞ்ஞோரா பதக்கத்தை உள்ளங்கையில் வைத்து, எழுத்துகள் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். “உன்னை யார் கேட்டது?” என்று மட்டும் சொன்னார்.

மெஸ்ஸினாக்காரி கோப்பி குடித்தார். பாழான பதக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். தான் கொண்டுவந்ததைத் திரும்பப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்.

தெருவில் கேட்டேன். “அவவுக்கு நான்தான் எண்டு தெரியாதோ அம்மா?”

“தெரியாது. பேசாமல் வா.”

அடுத்த சனிக்கிழமை சிஞ்ஞோரா எங்களை நிமிர்ந்து பார்க்காமலே, “உன் கடதாசி எங்கே? இந்த மாதம்தானே?” என்றார். அம்மா கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். அவர் கண்ணாடி போட்டு வாசித்துக் கையெழுத்திட்டார். அம்மா இரண்டு தரம் நன்றி சொன்னார். கண் கலங்கியிருந்தது.

அது தண்டனைக் கடிதம் என்று முடிவு செய்தேன். படியில் இறங்கும்போது, “அவ கூடாதவ. நான் இனி இஞ்சை வரமாட்டன்” என்றேன்.

“சரி, நட” என்றார் அம்மா.

பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேலை கொடுப்பவரின் கடிதம் வேண்டும், அது இல்லாவிட்டால் நாங்கள் இந்த நாட்டில் இருக்க முடியாது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கையெழுத்து வாங்கத்தான் அம்மா அந்தக் கடதாசியைப் பதக்கம் பாழான சனிக்கிழமையே கொண்டுவந்திருந்தார் என்பதும், அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் பழியைத் தன்மேல் போட்டார் என்பதும் தெரியாது.