மாலுபணிஸ் அவர்களின் அகால மரணம்

போன கிழமை திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு பேக்கரியில் நின்று மாலுபணிஸ் தின்றுகொண்டிருந்தேன். மீனும் உருளைக்கிழங்கும் மிளகும் வைத்து முக்கோணமாகச் சுட்ட அந்தப் பணிசை நீங்களும் தின்றிருப்பீர்கள். முதல் கடியிலேயே மிளகு மணத்தோடு எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற பிள்ளை, "உறைப்புக் கூடிப்போச்சோ அண்ணை?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிச் சமாளித்தேன். மாலுபணிஸ் என்ற பெயரில் எனக்கு ஒரு வீரனைத் தெரியும், அவன் ஒரு பாலத்தில் நின்று செத்துப்போனான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பதறாதீர்கள், விளையாட்டில்தான். அந்த நாள்களில் நான் பலாலி வீதியில் ஓர் அச்சகத்தில் கொம்பியூட்டர் வேலை செய்துகொண்டிருந்தேன். கல்யாண அழைப்பிதழை விடக் கண்ணீர் அஞ்சலிதான் கூட அடிப்போம். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் ஒருவன் தடித்த புத்தகம் ஒன்றையும் இருபது முகம் கொண்ட தாயக்கட்டை ஒன்றையும் விட்டுவிட்டுப் போயிருந்தான். ஒருவர் கதை சொல்லவேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் கதவைத் திறக்கிறேன், நான் பூதத்தை வெட்டுகிறேன் என்று சொல்லவேண்டும். திறந்ததா, வெட்டுப்பட்டதா என்பதைக் கட்டை சொல்லும். ஞாயிறு பின்னேரங்களில், கடை பூட்டிய பிறகு, பின்னறையில் காகிதக் கட்டுகளின் மேல் குந்தியிருந்து விளையாடுவோம். மையும் பசையும் மணக்கும் அந்த அறையில்தான் நான் கதைசொல்லி ஆனேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

விளையாட வந்தவர்கள் இரண்டே பேர். நீர்வேலிச் சிவகரன் வாழைத்தோட்டக்காரன். தன் வீரனுக்கு இதரை என்று வாழையின் பெயரை வைத்தான். இதரை செத்ததும் இதரைக்குட்டி வந்தான். "ஒண்டை வெட்டினால் பக்கத்திலை குட்டி வரும்தானே" என்றான். மற்றவன் குருநகர் யூட். எங்கள் கடையில் அச்சு இயந்திரத்தில் நின்றவன், சோம்பேறித்தனத்தில் சிவகரனுக்கே அண்ணன். பெயர் என்ன என்று கேட்டால் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பான், கண்ணில் பட்டதைச் சொல்வான். கையில் பணிஸ் இருந்த அன்று மாலுபணிஸ். பிறகு சோடாமூடி. பிறகு ஸ்ரேப்ளர். ஸ்ரேப்ளர் மூன்று ஞாயிறு உயிரோடிருந்து ஓநாய் கடித்துச் செத்தான்.

நானோ வில்லனுக்குப் பெயர் வைக்க ஒரு கிழமை மண்டையை உடைத்திருந்தேன். காலகண்ட ருத்ரபயங்கரன் என்று குரலைத் தாழ்த்தி அறிமுகம் செய்தேன். யூட் கொட்டாவி விட்டபடி, "உவரை நான் மூர்த்தி எண்டு கூப்பிடுறன்" என்றான். அதோடு சரி. கடைசிவரை அந்த அசுரன் மூர்த்திதான்.

விளையாட்டில் யாராவது செத்தால் திங்கட்கிழமை நான் அவருக்குக் கண்ணீர் அஞ்சலி அடிப்பது வழக்கம். கழிவுக் கடதாசியில், கறுப்புக் கரை போட்டு, கீழே கடையின் பெயரும் போட்டு முறையாக அடிப்பேன். மாலுபணிசுக்கு அடித்தது இன்னும் மனப்பாடம். 'திருநெல்வேலியைப் பிறப்பிடமாகவும் மூர்த்தியின் நிலவறையை வதிவிடமாகவும் கொண்ட மாலுபணிஸ் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை அகால மரணமடைந்தார். அன்னார் காலஞ்சென்ற பிளேன்ரீயின் அன்பு மகனும், கிம்புலா பணிஸ் (கனடா), கறிபணிஸ் (இலங்கை) ஆகியோரின் பாசமிகு சகோதரரும் ஆவார்.' எங்கள் அறிவித்தல்களின் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும்தானே. செத்த உறவுகளின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' வரும், இருக்கிறவர்களின் பெயருக்குப் பின்னால் நாடு வரும். அதை வாசித்து யூட் காகிதக் கட்டிலிருந்து விழுந்து சிரித்தான்.

ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஓர் எரிச்சல் இருந்தது. நான் உயிரைக் கொடுத்துக் கதை கட்ட, இவன் ஸ்ரேப்ளரை அனுப்புகிறான். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "இனி மனுசப் பேர் வைக்காட்டி நான் கதை சொல்லமாட்டன்" என்று சொல்லிவிட்டேன். யூட் வழக்கம்போல் அறையைச் சுற்றிப் பார்க்கவில்லை. பென்சிலை எடுத்து, குனிந்து, ஜெயசீலன் என்று எழுதினான்.

"ஆரடா உது?" என்றேன்.

"சும்மா ஒரு பேர்."

அன்றிலிருந்து அவன் விளையாடியது வேறு விளையாட்டு. கண்ணை மூடிக்கொண்டு பூதத்தின் வாய்க்குள் ஓடுகிறவன், இப்போது ஒவ்வொரு கதவிலும் நின்று, "பின்னாலை வெளியிலை போக வழி இருக்கோ?" என்று கேட்டான். ஜெயசீலனுக்குச் சாப்பாடு இருக்கிறதா, கம்பளி இருக்கிறதா என்று கணக்காகக் கேட்டு எழுதினான். ஒழுங்கான பெயர் வைத்ததன் பலன் என்று நான் என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். இரண்டு மாதம் அப்படிப் போயிற்று.

பிறகு ஒரு ஞாயிறு மூர்த்தியின் நிலவறை இடியத் தொடங்கியது. சிவகரனின் ஆள் வெளியே ஓடும்வரை ஜெயசீலன் கதவைத் தாங்கிப் பிடிப்பதாக யூட் சொன்னான். கட்டையை உருட்டினான். ஒன்று விழுந்தது. அந்த விளையாட்டில் அதைவிடக் கெட்ட எண் இல்லை.

யூட் கட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மச்சான், இன்னொருக்கா உருட்டட்டோ?"

அதற்கு முன் அவன் அப்படிக் கேட்டதே இல்லை. நான் பெரிய நீதிமான். "விழுந்தது விழுந்ததுதான்" என்றேன்.

திங்கட்கிழமை உற்சாகமாக அஞ்சலியும் அடித்தேன். இந்த இடத்தில் என் சோம்பேறித்தனத்தையும் சொல்லவேண்டும். ஜெயசீலனுக்கு என்ன ஊர் போடுவது என்று யோசிக்கப் பஞ்சிப்பட்டு, யூட்டின் ஊரையே போட்டுவிட்டேன். குருநகரைப் பிறப்பிடமாகக் கொண்ட ஜெயசீலன் அவர்கள் அகால மரணமடைந்தார். பகிடி மூன்றாவது வரியில்தான் தொடங்கியது. யூட் வாங்கிப் பார்த்தான், சிரிக்கவில்லை, மடித்துக் களுசான் பொக்கற்றுக்குள் வைத்தான்.

அடுத்த நாள் காலை கடை திறந்த கையோடு ஓர் அம்மா வந்தார். ஒரு கையில் குடை, மற்றக் கையில் என் அஞ்சலி. நனைந்து காய்ந்த கடதாசி. களுசானைத் தோய்க்கப் போட்டபோது எடுத்திருக்கிறார். யூட்டின் தாய் என்று முகமே சொன்னது.

"தம்பி, உது நீங்கள் அடிச்சதோ?"

"ஓம் அம்மா."

"ஆர் உங்களுக்குச் சொன்னது? ஆர் கண்டது? எங்கை வைச்சு?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்தான் சொன்னார். ஜெயசீலன் அவருடைய மூத்த மகன். சண்டைக் காலத்தில் ஒரு காலை, பாண் வாங்கி வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், ஆளும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. பதிவு செய்யாத இடமில்லை, ஏறாத படியில்லை. செத்துப்போனதாக ஒரு பத்திரம் தருகிறோம் என்றார்களாம், இவர் வாங்கமாட்டேன் என்றாராம். இத்தனை வருடத்தில் அவர் மகன் செத்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்த முதல் ஆள் நான்தான்.

நான் தடுமாறித் தடுமாறி விளையாட்டை விளங்கப்படுத்தினேன். கட்டையைக் காட்டினேன். மாலுபணிசின் அஞ்சலியைக்கூட எடுத்துக் காட்டினேன். அதை எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"அப்ப உங்களுக்கு ஒண்டும் தெரியாது?"

"ஒண்டும் தெரியாது அம்மா."

அந்த முகத்தில் அப்போது வந்த சந்தோசத்தை நான் இன்றைக்கும் தாங்கமாட்டேன். கதிரையில் இருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார். "உது கொம்பியூட்டருக்குள்ளையும் கிடக்கோ? அழிச்சுவிடுங்கோ ராசா" என்றார். அவர் பார்த்திருக்கவே அழித்தேன். வாசலில் குடையை விரித்தவர் திரும்பினார்.

"விளையாட்டிலை என்ன செய்துகொண்டு நிண்டவன்?"

"கூட வந்தவன் தப்பிப் போகக் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர், அம்மா."

"ஓம். அவன் அப்பிடித்தான்" என்றார்.

அன்று பகல் யூட்டிடம், எனக்குத் தெரியாதடா என்றேன். இயந்திரத்தைத் துடைத்தபடி நிமிராமல் சொன்னான்: "செத்தால் பரவாயில்லை எண்டுற பேர்களாய்ப் பார்த்துத்தான் நான் வைக்கிறனான். நீ விடேல்லை." அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. ஒரு வருடத்துக்குள் அவன் பிரான்சுக்குப் போனான்.

பேக்கரிக்குப் போகுமுன் நான் முடித்த வேலையைச் சொல்லவேயில்லையே. போன கிழமை பிரான்சிலிருந்து யூட் போன் எடுத்தான். அம்மா போய்விட்டா, என்னால் வர ஏலாது, வதிவிடப் பேப்பர் இன்னும் சரிவரவில்லை, அறிவித்தலை நீதான் அடிக்கவேண்டும் என்றான். நான் இப்போது வேறோர் அச்சகத்தில் இருக்கிறேன். போனைக் காதில் வைத்தபடி பிள்ளைகளின் பெயர்களைத் தட்டினேன். றெஜினா (கனடா). அடுத்தது ஜெயசீலன். கை நின்றுவிட்டது.

"யூட், அண்ணைக்கு..."

"முன்னுக்கு ஒண்டும் போடாதை மச்சான். பின்னுக்கும் ஒண்டும் போடாதை" என்றான்.

றெஜினா (கனடா), ஜெயசீலன், யூட் (பிரான்ஸ்) ஆகியோரின் பாசமிகு தாயாரும் என்று அடித்தேன். குருநகருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும் வழியில்தான் அந்த மாலுபணிஸ். பழைய கடை இருந்த இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள். சிவகரன் நீர்வேலியில் இல்லை. கனடாவில் பனி வழிக்கிறான். மாலுபணிசின் அஞ்சலியும் எந்த வீடு மாறியபோதோ தொலைந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவும் இல்லை. கட்டை மட்டும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. யூட் இன்னொருக்கா உருட்டட்டோ என்று கேட்டால், உருட்டு மச்சான், உருட்டு என்று சொல்ல நான் இப்போது ஆயத்தமாக இருக்கிறேன். அவன் கேட்பதில்லை.