வின்ச் பிளக்கும் ஒரு நாத்தனாரும்

ஹெலிகாப்டர் நிறுத்துகிற ஹேங்கரில் எல்லோரும் அவளைச் ‘சந்தேகக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு நாலு அடி நடப்பாள். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மகன் தானே கட்டிக்கொண்ட ஷூ லேஸை ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டாள். அவன் வளர்ந்து, மீசை அரும்பிய பிறகும் இழுத்தாள். “அம்மா, தெருவே பாக்குது!” என்று அவன் காலை உதறுவான். பார்த்தால் பார்க்கட்டுமே, தெருவுக்கு வேறு வேலை இல்லையா?

இப்படிப்பட்ட குணம் வீட்டில் தொல்லை. ஹேங்கரிலோ அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். கடலில், பாறையில், மலையில் மாட்டிக்கொண்டவர்களைத் தூக்கி வருகிற மீட்பு ஹெலிகாப்டர் அது. அதன் ஒயர், பிளக், சுவிட்ச் அத்தனையும் அவள் பொறுப்பு. கையில் டார்ச், கழுத்தில் லென்ஸ், வாயில் முணுமுணுப்பு என்று ஒவ்வொரு ஒயராகத் தடவிக்கொண்டே போவாள்.

அவளுடைய வீட்டுக்காரருக்கும் அந்த ஹெலிகாப்டரில்தான் வேலை. என்ன வேலை என்கிறீர்கள்? தொங்குகிற வேலை. ஹெலிகாப்டரின் வாசலுக்கு மேலே வின்ச் என்று ஒரு மோட்டார் இருக்கும். அது சுற்றிச் சுற்றி ஒரு இரும்புக் கேபிளை இறக்கும், ஏற்றும். அந்தக் கேபிளின் நுனிக் கொக்கியில் தன்னை மாட்டிக்கொண்டு இறங்கி, கீழே கிடக்கிறவரைக் கட்டிப்பிடித்து மேலே கொண்டு வருகிறவர் இவர்தான். சுண்டுவிரல் மொத்தம்கூட இல்லாத கேபிள். அதில் புருஷன் தொங்குகிறான் என்று தெரிந்த எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது, சொல்லுங்கள்.

அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்ததே நாத்தனார்தான். அவளும் சந்தேகக்காவும் ஒரே நாளில் ஹேங்கரில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே படிப்பு, ஒரே லைசென்ஸ். “இவ ஒயரைத் தொடுற மாதிரி எங்கண்ணனைப் பாத்துக்கிட்டா போதும்” என்று சொல்லி அவளை வீட்டுக்கு அழைத்துப் போனவள் இவள். கல்யாணம் ஆன மறுநாளே சிநேகிதி நாத்தனாராகிவிட்டாள். உப்பு கூடிவிட்டது என்பாள். மடித்த துணியை உதறி மறுபடி மடிப்பாள். ஹேங்கரில் அவளுக்கு ‘நொட்டை’ என்று பெயர். யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. சந்தேகக்கா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து டீ வாங்கப் போய்விடுவாள்.

ஒரு நாள் விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போதே, சந்தேகக்கா கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து நாத்தனார் மறுபடி தேய்த்துக் கழுவினாள். யாராக இருந்தாலும் ரத்தம் கொதிக்காதா? அன்றோடு பேச்சு நின்றது. ஹேங்கரில் மட்டும் “டார்ச்”, “ஸ்க்ரூ”, “நகரு” என்று ஒற்றை வார்த்தையில் ஓட்டினார்கள். நடுவில் கிடந்து அவதிப்பட்டவர் வீட்டுக்காரர். “கேபிள்ல தொங்கும்போதுதான் எனக்கு நிம்மதியே” என்பார்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்க விமானப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. உப்புக் காற்றில் பறக்கும் இந்த வகை ஹெலிகாப்டர்களில் வின்ச்சுக்குப் போகிற பிளக்கின் உள்ளே துரு ஏறுகிறது. ஆகவே இனிமேல் வின்ச்சை உபயோகிப்பதற்கு முன் அந்தப் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு பின்னையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, சுத்தம் செய்து மாட்ட வேண்டும். அதோடு விட்டார்களா? மாட்டும்போது, அந்த வேலையைச் செய்யாத இன்னொரு லைசென்ஸ்காரர் கூடவே நின்று, பின்களைத் தன் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஹேங்கரில் எலக்ட்ரிகல் லைசென்ஸ் இருந்தது இரண்டே பேருக்கு.

“வீட்டுலதான் நொட்டைன்னா, இப்ப சர்க்காரே சீல் குத்திக் குடுத்துடுச்சு. நல்லா இருங்கய்யா, மகராசனா இருங்க!” என்று அந்தக் காகிதத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள் சந்தேகக்கா. எழுதினவர் காதில் விழுந்திருந்தால் அது வாழ்த்து இல்லை என்று அவருக்குப் புரிந்திருக்கும்.

அன்று காலை அவள் பிளக்கைக் கழற்றினாள். வாசலுக்கு மேலே, கூரைத் தகட்டுக்குப் பின்னால், கை மட்டும் நுழைகிற இடுக்கு. பிளக்கின் உள்ளே ஊசி ஊசியாகப் பின்கள். ஒரு பின் வின்ச்சை மேலே இழுக்கச் சொல்லும், ஒன்று கீழே விடச் சொல்லும். ஓரத்தில் இருக்கிற ஒன்றுதான் பொல்லாதது. கேபிள் எங்காவது மரத்திலோ கப்பலிலோ சிக்கிக்கொண்டால் ஹெலிகாப்டரையே இழுத்துக் கவிழ்த்துவிடும் அல்லவா? அப்போது விமானி ஒரு பட்டனை அமுக்குவார். அந்தப் பின் வழியாகக் கரண்ட் போய், வின்ச்சுக்குள் இருக்கிற சின்ன வெடி வெடித்து, ஒரு கத்தி பாய்ந்து கேபிளை வெட்டிவிடும். பிளக் வேலை முடிகிறவரை அந்த வெடியைக் கழற்றி வைத்துவிடுவார்கள்.

பின்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. துரு இல்லை. துடைத்தாள், லென்ஸில் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். இனி நாத்தனாரைக் கூப்பிட வேண்டும். ஹேங்கரின் அந்தக் கோடியில் அவள் பாட்டரி பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் வருவாள். வந்து தோளுக்குப் பின்னால் நின்று, மூக்கால் பெருமூச்சு விடுவாள். அந்த மூச்சைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு இந்த இடுக்கில் கையை விட வேண்டுமா? ‘மாட்டிட்டே கூப்பிடுவோம், என்ன கெட்டுப்போச்சு’ என்று நினைத்தாள். ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவளுக்குத் தன் கைமேல் மட்டும் சந்தேகமே வந்ததில்லை. தட்டுத் தடவிப் பிளக்கை வைத்து அழுத்தித் திருகினாள். ‘டக்’ என்று பூட்டியது. மணல் மூட்டையைக் கொக்கியில் மாட்டி வின்ச்சை ஓட்டினாள். ஏறியது, இறங்கியது, சொன்ன பேச்சுக் கேட்டது. வெடியைத் திருப்பிப் பொருத்தினாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. தூண்டில் போடப் போன ஒருவர் கடற்பாறை இடுக்கில் கால் சிக்கிக் கிடக்கிறார், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. விமானி ஓடி வந்தார். பெல்ட்டும் ஹெல்மெட்டுமாக வீட்டுக்காரர் ஓடி வந்தார். நாத்தனாரும் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“பின் பாக்கணுமே” என்றாள் நாத்தனார்.

“பாத்தாச்சு. மாட்டியாச்சு. வின்ச்சும் ஓட்டியாச்சு. கையெழுத்துப் போடு.”

“நான் இல்லாம எப்படி மாட்டினீங்க?”

“கையால மாட்டினேன்.”

“கழட்டுங்க அண்ணி.”

விமானிக்குப் பொறுக்கவில்லை. “அம்மா தாயே, அங்க ஒரு ஆளு முங்கிட்டிருக்காரு. அவங்கதான் பாத்துட்டேன்னு சொல்றாங்களே?”

“சார், அவங்க பாத்தது அவங்களுக்கு. நான் பாத்தாத்தான் என் கையெழுத்து.”

சந்தேகக்காவுக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. “வீட்டுலதான் மானத்தை வாங்கினே, இங்கயுமா? இவர் யாரு உனக்கு? அண்ணன்தானே! அவர் தொங்கப் போற கேபிள்ல நான் அசட்டையா இருப்பேனா?”

“அண்ணன்கிறதாலதான் சொல்றேன். கழட்டுங்க.”

வீட்டுக்காரர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டில் என்றால் இந்நேரம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பியிருப்பார். இங்கே போக இடமில்லை. “சீக்கிரம் பாருங்க” என்று மட்டும் சொன்னார்.

பல்லைக் கடித்துக்கொண்டு வெடியைக் கழற்றி ஓரமாக வைத்தாள் சந்தேகக்கா. பிளக்கைத் திருகி இழுத்து, ‘இந்தா, கண்குளிரப் பாத்துக்கோ’ என்கிற மாதிரி விலகி நின்றாள். நாத்தனார் ஏணியில் ஏறி டார்ச்சை அடித்தாள். லென்ஸை வைத்தாள். அவளுடைய அந்தப் பெருமூச்சு வரவில்லை. மூச்சே வரவில்லை.

“அண்ணி” என்றாள், மெதுவாக. “இங்க கொஞ்சம் வாங்க.”

அந்தக் குரலை சந்தேகக்கா அதற்கு முன் கேட்டதில்லை. ஏறிப் பார்த்தாள். கேபிளை மேலே இழுக்கிற பின், சற்று முன்னால் நேராகப் பளிச்சென்று நின்ற அதே பின், சாய்ந்து வளைந்து, ஓரத்துப் பொல்லாத பின்னைத் தொடுகிறேன் தொடுகிறேன் என்று நின்றது. துரு இல்லை, தேய்மானம் இல்லை. கோணலாக அழுத்தியதில் வளைந்திருந்தது. அவள் அழுத்தியதில்.

வீட்டுக்காரர் அந்த ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தரத்தில் ஏறும்போது ஹெலிகாப்டர் ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும். இரண்டு பின்னும் தொட்டுக்கொள்ளும். ‘மேலே இழு’ என்று போகிற கரண்ட் வெடிக்குப் போகும். மணல் மூட்டை தூக்கியபோது வெடி கழற்றி இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. ஐயோ, பிறகு அதைத் தன் கையாலேயே திருப்பிப் பொருத்தினாளே! ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னாச்சு?” என்று கீழேயிருந்து விமானி கத்தினார்.

“பின் ஒண்ணு மாத்தணும் சார். இதோ ஆச்சு!” என்று நாத்தனார் பதில் குரல் கொடுத்தாள். அவ்வளவுதான் சொன்னாள். உப்பு ஒரு சிட்டிகை கூடினால் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறவள்!

புதுப் பின்னை அவளே போட்டாள், சந்தேகக்காவின் கை அப்போது எதற்கும் உதவாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு லென்ஸை நீட்டினாள். “மாத்தினது நானு. அதனால ரெண்டாவதா பாக்க வேண்டியது நீங்க.”

“நானா? என் லட்சணத்தைத்தான் பாத்தியே.”

“உத்தரவு அப்படித்தான் இருக்கு. பாருங்க அண்ணி, நேரமாகுது.”

பார்த்தாள். கண்ணில் நீர் மறைத்தது, துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஒவ்வொரு பின்னாக, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நாத்தனார் பிளக்கை மாட்டும்போது இருவர் தலையும் முட்டிக்கொண்டன, அவ்வளவு நெருக்கத்தில் நின்றார்கள். வெடியைப் பொருத்தி, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஹெலிகாப்டர் எழும்பிப் போனது.

போனவர்கள் வருகிறவரை சந்தேகக்கா ஹேங்கர் வாசலில் நின்றாள். உட்கார் என்று யாரோ ஸ்டூல் போட்டார்கள், உட்காரவில்லை. கேபிளின் நுனியில் அவர் இப்போது இறங்குவார், இப்போது பிடிப்பார், இப்போது ஏறுவார் என்று மனசுக்குள் அவரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். எங்கோ ஒரு அலுவலகத்தில் மேஜைக்கு முன் உட்கார்ந்து ‘இன்னொருவர் தன் கண்ணால்’ என்று எழுதினாரே ஒரு புண்ணியவான், அவர் ஆணோ பெண்ணோ, கிழமோ குமரோ, அவரை நினைத்து மறுபடி கையெடுத்துக் கும்பிட்டாள். இந்தத் தடவை மனசாரக் கும்பிட்டாள்.

வந்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் இருந்தவர் தலை முதல் கால் வரை நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. “தெய்வம் மாதிரி வந்தீங்கய்யா” என்று அழுதார். ஆம்புலன்ஸ் கதவை மூடுவதற்காக அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்தக் கையைப் பார்த்தாள் சந்தேகக்கா. புருஷனின் கை. உயிரோடு, சூடாக, உப்பு பூத்துப்போய், திரும்பி வந்திருக்கிற கை.

“கழுத்து வரைக்கும் தண்ணி வந்துடுச்சு அந்தாளுக்கு” என்றார் வீட்டுக்காரர், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. “ஒரு பின் மாத்த ஏன் அவ்வளவு லேட்டு? மறுபடி சண்டையா?”

“பின் ஒண்ணு வளைஞ்சிருந்துச்சுண்ணா. மாத்தினோம்” என்றாள் நாத்தனார்.

மாத்தினோம். அந்த ஒரு வார்த்தையைத்தான் சந்தேகக்காவால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

“நான்தான் வளைச்சேன்” என்றாள். “இவளைக் கூப்பிடாம, வீம்புக்குத் தனியா மாட்டினேன். இவ கழட்டச் சொல்லலைன்னா நீங்க இப்ப இங்க நின்னு லேட்டுன்னு கேக்க மாட்டீங்க. சார், உங்ககிட்டயும்தான் சொல்றேன். அலுவலகத்துக்கு நானே எழுதி அனுப்பறேன்.”

விமானி தலையை மட்டும் ஆட்டினார். வீட்டுக்காரர் மார்பில் இருந்த கொக்கியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த டூல் பெட்டிமேல் மெல்ல உட்கார்ந்தார். மனைவியின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மறு கையால் தங்கையின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார், சின்ன வயதில் தட்டுவாரே அப்படி.

சந்தேகக்கா நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது முதல் தடவை. “என் வீட்டை நீ காப்பாத்திட்டே. உனக்குக் கோயில் கட்டிக் கும்பிட்டாலும் தீராது. நீ ஆயிரம் நொட்டை சொல்லு, இனிமே நான் வாயைத் திறந்தா ஏன்னு கேளு” என்று விம்மினாள். பிறகு திடீரென்று நிமிர்ந்தாள். “ஆனா ஒண்ணு சொல்லு. அவ்வளவு பெரிய தப்பு பண்ணின என்னை நம்பி, உடனே லென்ஸை எப்படி என்கிட்ட நீட்டினே?”

நாத்தனார் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“யாரு நம்பினா?” என்றாள். “நீங்க பாக்கப் பாக்க, நான் உங்க கண்ணையேதானே அண்ணி பாத்துக்கிட்டு நின்னேன்.”