கொத்தமல்லிக்கு ஒரு ராத்திரி

போன ஞாயிற்றுக்கிழமை, ஷார்ஜாவில் எங்கள் ரூமில், ஒரு கட்டு கொத்தமல்லிக்கு நாலு ஆம்பளைகள் எழுந்து நின்று கைதட்டினோம். சிரிக்காதீர்கள்... விஷயத்தைக் கேட்டால் நீங்களும் தட்டுவீர்கள்.

கட்டைக் கொண்டுவந்தவன் என் ரூம்மேட் முத்துப்பாண்டி. விளாத்திகுளம் பக்கம். பாலைவனத்து ஓரம் ஒரு ஏ.சி. கட்டடத்துக்குள், மண்ணும் வெயிலும் இல்லாமல் அடுக்கு ரேக்குகளில் கீரை வளர்க்கும் பண்ணையில் டெக்னீஷியன். அங்கே சூரியன் என்பது ஸ்விட்ச் போர்டுதான்.

மேனேஜர் நார்வேயின் வடகோடிக்காரர். அவர் ஊரில் கோடையில் சூரியன் மறையவே மறையாதாம். அந்த வெளிச்சத்தில் முட்டைக்கோஸ் குடம் குடமாக விளையுமாம். அதே கணக்கில் இங்கேயும் இருபது மணி நேரம் லைட்டைப் போட்டுவிட்டார். லெட்டூஸுக்கு ஓகே. கொத்தமல்லி? நாலு இலை விடுவதற்குள் தண்டு நீண்டு பூத்துவிட்டது. மூன்று தடவை இதே கதை. பூத்த மல்லியை எந்த சூப்பர் மார்க்கெட் வாங்கும்? இன்னொரு தடவை பூத்தால் எல்லாம் முடிந்தது; மல்லி செக்‌ஷன் கல்லாஸ். முத்துவின் விசாவும் கல்லாஸ்.

"அண்ணே, அது தூக்கம் இல்லாமத்தான் பூக்குது. எங்க கரிசல்ல மல்லிய ஐப்பசியில வெதைப்போம். பகல் சின்னது, பனி வேற. எலை தழதழன்னு வரும். மேனேஜர்ட்ட சொல்லப்போறேன்" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படிச்சவங்களுக்குப் பாடம் எடுக்காத. வாயை மூடிக்கிட்டு டூட்டியைப் பாரு." பயத்துக்கு அனுபவம் என்று பெயர் வைத்துக்கொண்டு கல்ஃபில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவன் நான்!

அவன் கேட்கவில்லை. மறுநாளே மேனேஜர் முன்னால் போய் நின்று, தெரிந்த இங்கிலீஷில் போட்டு உடைத்துவிட்டான்.

"சார், யுவர் கன்ட்ரி, சம்மர் நோ நைட். கொத்தமல்லி நோ ஸ்லீப். ஒன்லி ஃப்ளவர். மை கன்ட்ரி, லாங் நைட், குட் லீஃப். ஒன் ரேக் கிவ் மீ!"

மேனேஜர் சிரித்தாராம். பிறகு சிரிப்பை நிறுத்தி யோசித்தாராம். அவர் வீட்டுத் தோட்டத்திலும் ஸ்பினாச் கீரை ஜூன் மாதத்தில் இப்படித்தான் திடுதிப்பென்று பூத்துவிடுமாம்! "ஓகே. ஒன் ரேக்."

முத்து, பனிக்குப் பதிலாக ஏ.சி. காற்று நேராக விழும் மூலை ரேக்காகப் பார்த்துப் பிடித்தான். பக்கத்து வெளிச்சம் கசியாமல் கறுப்பு பாலிதீன் கட்டினான். தினமும் பதினோரு மணி நேரம் ஆனதும் லைட் ஆஃப். ஐந்து வாரம்... மற்ற மல்லி ரேக்குகள் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்றபோது, இவன் ரேக்கில் இலை... இலை... இலை! மருந்துக்குக்கூட ஒரு பூ இல்லை. செக்‌ஷன் தப்பித்தது. விசாவும்தான்.

அதில் அறுத்த முதல் கட்டுக்குத்தான் அந்தக் கைதட்டல். சத்தமாகத் தட்டியவன் நான்தான். என் பேச்சைக் கேட்காமல் போனானே என்று அவ்வளவு சந்தோஷம்.

ரசத்தில் கிள்ளிப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். முத்துவின் போன் அடித்தது. மேனேஜர்! மற்ற மல்லி ரேக்குகளுக்கெல்லாம் லைட்டை எத்தனை மணிக்கு அணைப்பது என்று கேட்கிறார்.

முத்து ரசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, நிதானமாகச் சொன்னான்:

"வெயிட் சார். ஈட்டிங்."