படங்களுக்குக் கீழே ஒரு ஞாயிற்றுக்கிழமை

தாராவியில் ஒற்றை அறை வீடுகள் வரிசையாய் இருந்த எங்கள் "சாலு"க்குப் பின்னால் இருந்த படிப்பகத்தின் இரும்பு ஏணியில் கால் வைத்ததுமே, மழைக்கு ஊறிப்போன நாளிதழ்களின் புளித்த வாடை மூக்கில் ஏறும். மேலே சுவர் முழுக்கப் படங்கள். தாடிக்காரர், தலைப்பாகைக்காரர், கோட்டும் கண்ணாடியுமாய் ஒருவர் என்று பெரிய சிந்தனையாளர்கள் ஒன்பது பேர் அங்கிருந்து குனிந்து என்னையே பார்ப்பார்கள். தோல்பை தைக்கும் பட்டறையிலிருந்து மாலையில் திரும்பும் அப்பா, செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் நுழைவதுபோல அங்கே நுழைவார். படிப்பகச் செயலாளர் நாளிதழை உரக்க வாசிக்க, அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். "ஏட்டி, அவுகள்லாம் ரோசிச்சதுனாலதான் நாம தல நிமிந்து நடக்கோம்" என்பார் என்னிடம்.

எனக்குப் பதினோரு வயதானபோது, படிப்பக ஆண்டு விழாவில் அவர்களைப் பற்றி நான் பேசுவேன் என்று அப்பாவே பெயர் கொடுத்துவிட்டார். ஊரிலிருந்து ஒரு பேராசிரியர் தலைமை தாங்க வருவதாக ஏற்பாடு. அப்பாவிடம் நான் மறைத்த ஒன்று உண்டு: இந்திப் பள்ளியில் படித்த எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. செயலாளர் தம் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் சொல்லச் சொல்ல, உரையை இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டேன். ஒருநாள் அப்பா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "முத்து முத்தா எழுதிருக்கியே" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் ஏன் திட்டவில்லை என்று விளங்காமல் என் பயம் இரண்டு மடங்கானது.

விழா அன்று காலை, படங்களுக்குக் கீழே நின்று நான்கு வரி சொல்லியிருப்பேன். கை வியர்வையில் மை கரைந்து, ஐந்தாவது வரி நீலத் திட்டாகியிருந்தது. வாய் ஒட்டிக்கொண்டது. "குடும்மா, எடுத்துத் தரேன்" என்று பேராசிரியர் தாளை வாங்கினார்; திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, இந்தியில இருக்கு?"

அது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது. யாரோ சிரித்தார்கள். அந்த ஒன்பது முகங்களும் என் பிடரிக்கு அருகில் வந்துவிட்டாற்போலிருந்தது.

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது" என்றேன்.

முன்வரிசையிலிருந்து அப்பா எழுந்து வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தோளில் கை விழுந்தது.

"எனக்குந் தெரியாதுய்யா" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "தமிழுந் தெரியாது, இந்தியுந் தெரியாது. படத்துல இருக்க இவுகள எல்லாம் காதாலதான் எனக்குத் தெரியும்."

அந்தக் கை என்னைவிட அதிகமாக நடுங்கியது. அப்பாவும் பயப்படுவார் என்பதை அப்போதுதான் அறிந்தேன். அதைவிடப் பெரிய பயம் அதுவரை எனக்கு வந்ததில்லை. யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் தாளை நீட்டி, "தெரிஞ்ச எழுத்துலயே வாசிம்மா" என்றார். அப்பா பக்கத்திலேயே நிற்க, தட்டுத்தடுமாறி முடித்தேன்.

அடுத்த வாரம் முதல் இருவரும் ஒரே பலகையில் "அ" எழுதத் தொடங்கினோம். நான்கு மாதத்தில் நான் அவரைத் தாண்டிவிட்டேன். அப்பாவுக்குக் கடைசிவரை "ர"வும் "ற"வும் குழப்பம்தான்.

எங்கள் "சாலு"வை இடித்தபோது படிப்பகமும் போனது. படங்கள் எங்கே போயின என்று சொல்ல ஆளில்லை. அப்பாவும் இல்லை. புறநகரான டோம்பிவிலியில் இருந்துகொண்டு நான் தமிழில் ஏதேதோ எழுதுகிறேன்; படங்களில் இருந்த அவ்வளவு பேர் சொன்ன பிறகு சொல்ல நீ யார் என்ற அச்சம் ஒவ்வொரு வரியிலும் வருகிறது. போன மாதம் நெருளில் ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். எழுதிக் கொண்டுபோனதெல்லாம் மறந்துவிட்டது. "அப்பாவோடு சேர்ந்து எழுத்துப் படித்தவள் நான்" என்று தொடங்கினேன். பிறகு பேச முடிந்தது.