சாவி இல்லப்பா, சாவு

கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்து நான் போகும் பிரவுசிங் சென்டரின் ஓனர், மீசைக்கு மட்டும் டை அடித்தவர். எல்லார் ஸ்கிரீனையும் எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் சாட்டில் முகம் தெரியாத ஒருவன், 'சாகலாம்னு இருக்கேன்' என்று எனக்கு எழுதினான். எனக்குக் கை ஓடவில்லை.

"நவுருபா" என்று ஓனர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். 'நெசமாவே சாவுற நெனப்பு இருக்கா?' என்று கேட்க நினைத்து ஒற்றை விரலால் தட்டினார். எழுத்து மாறி, 'நெசமாவே சாவி நெனப்பு இருக்கா?' என்று போய்விட்டது.

'எந்தச் சாவி?' என்றான் அவன்.

'சாவி இல்லப்பா, சாவு' என்று திருத்தினார்.

அதன்பிறகு அவன் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினான். இவர் புத்தி சொல்லவில்லை. 'அப்பறம்?' என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், 'ஊட்ல யாரு கீறாங்க? கூப்பிடு. வர்ற வரைக்கும் நான் போவல' என்று எழுதினார்.

கொஞ்ச நேரத்தில், 'நான் அவன் அக்கா. கூடவே இருக்கேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்' என்று பதில் வந்தது.

"எப்படி சார் அவ்வளவு நேரா கேட்டீங்க?" என்றேன்.

"கேக்காம எப்பிடிபா தெரியும்?" என்றார். எழுந்து அடுத்த ஸ்கிரீனை எட்டிப் பார்க்கப் போனார்.