மிதிக்க மாட்டேன் என்ற படி

பாஸ்டேர் துறைமுக வாசலில், கப்பலில் வருபவர்களுக்காக வரிசைகட்டி நிற்கும் வேன்களில், முன்கண்ணாடியில் 'கடுப்பாகிறவன் ஆகட்டும்' என்று பெயர் எழுதியிருப்பது என்னுடையது. அதில் ஓர் எழுத்து தலைகீழாக இருக்கும். நானே எழுதியது, ஆகவே திருத்தப் போவதில்லை.

பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான், கரும்பு வெட்டப் போனதுதான் அதிகம். அங்கிருந்து லாரியில் எடுபிடி, பிறகு லாரி டிரைவர், பிறகு சொந்த வேன், சொந்த வீடு, அதற்கு மேல் ஒரு மாடி. செயின்ட் கிட்ஸ் தீவில் மாடி வைத்துக் கட்டியவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். ஆனால் தானே கல் சுமந்து, தானே சாந்து குழைத்து, ஒவ்வொரு படியும் ஒவ்வோர் உயரத்தில் வருகிற மாதிரி மாடிப்படி கட்டியவன் விங்ரோவ் மேனார்டு ஒருவன்தான். என் மனைவி ஐயாந்தி அதில் ஏறும்போதெல்லாம் என் பெயரைச் சொல்லிக்கொண்டே ஏறுவாள். பக்தியில் அல்ல.

சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி வேன் வைத்திருப்பதும் எங்கள் வரிசையில் நான் மட்டும்தான். இரும்புத் தகட்டில் சாய்பலகை அடித்து, கீல் வைத்து, நானே பற்றவைத்தேன். முதலில் செய்தது படகை இறக்கும் சறுக்கு மாதிரி வந்துவிட்டது. சோதித்துப் பார்க்க ஒரு பழைய சக்கர நாற்காலியில் நானே உட்கார்ந்து இறங்கினேன். எதிர்ப்பக்கம் இருந்த இளநீர் வண்டி என்னை நிறுத்தியது. இரண்டாவது செய்தது நன்றாக வந்தது. கனடாவில் இருக்கும் என் மகள் ஷெர்மா அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். அதைப் பார்த்துத்தான் நெட்டா குவிரிங் போன் செய்தார்.

கனடாவின் வின்னிபெக் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு நோய் வந்து கால்கள் இரண்டும் ஓய்ந்துபோய், மோட்டார் வைத்த சக்கர நாற்காலியில் ஊர் சுற்றுகிறவர். இதெல்லாம் பிற்பாடுதான் தெரியும். போனில் முதலில் கேட்டது இதுதான்.

"மிஸ்டர் மேனார்டு, நான் வர்ற கப்பல் ஒரு சனிக்கிழமை உங்க ஊர்ல நிக்குது. உங்க ஆளுங்க சாப்பிடற கடையில நான் சாப்பிடணும். சக்கர நாற்காலியோட உள்ள போற மாதிரி கடை ஏதாவது இருக்கா?"

"ஏதாவதா? பத்து இருக்கு மேடம். கவலையே வேணாம், நானே உங்களத் தூக்கிட்டுப் போறேன்."



"யாரும் என்னைத் தூக்கக் கூடாது" என்றார்.

"தூக்கிட்டுப் போகாம எப்படி மேடம்? நடந்தா வருவீங்க?"

இணைப்பு அறுந்தது.

எங்கள் தீவுப் பேச்சில் ஒருவரை ஓரிடத்துக்குக் கூட்டிப்போவதற்குத் 'தூக்கிப் போவது' என்றுதான் பெயர். பிள்ளையைப் பள்ளிக்குத் தூக்கிப் போவோம், பெண்டாட்டியைச் சர்ச்சுக்குத் தூக்கிப் போவோம். யாரும் யார் இடுப்பிலும் இருக்க மாட்டார்கள். இந்தச் சொல் கடல் தாண்டினால் வேறு ஆளாகிவிடும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பக்கத்தில் பட்டாணி உரித்தபடி ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஐயாந்தி கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"யோவ் மனுஷா, கால் வராத பொம்பளைகிட்ட என்ன கேட்ட நீ இப்போ?"

"வேன்ல ஏத்திட்டுப் போறேன்னுதான்டி சொன்னேன்."

"நடந்தா வருவீங்கன்னு கேட்ட. என் காதால கேட்டேன். கொடு போன."

அவள்தான் திரும்ப அழைத்தாள். பத்து நிமிடம் இரண்டு பெண்களும் என்னைப் பற்றிச் சிரித்த பிறகுதான் போன் என் கைக்கு வந்தது. அப்போதுதான் நெட்டா விஷயத்தைச் சொன்னார்.

"போன வருஷம் வேறொரு தீவுல நாலு பேரு என்னை நாற்காலியோட தூக்கி ஒரு ஓட்டலுக்குள்ள வச்சாங்க. நல்ல மனசுதான், குறை சொல்லல. ஆனா உள்ள இருந்தவங்க எல்லாரும் கை தட்டினாங்க, மிஸ்டர் மேனார்டு. நான் மீன் சாப்பிடப் போனேன். கை தட்டு வாங்கப் போகல. சாப்பாடு இறங்கவே இல்ல. இந்தத் தடவை ஒரே ஒரு கடையில, மத்தவங்க மாதிரி நானே உள்ள போய், மேஜையில சாப்பிட்டுட்டு, நானே வெளிய வரணும். அவ்ளோதான்."

"அவ்ளோதானே" என்றேன் நான்.

"கடைங்களப் போய்ப் பார்த்துட்டீங்களா? வாசல், கதவு எல்லாம்?"

"பார்க்கறதா? நாப்பது வருஷமா அங்கதான் தின்னுட்டு இருக்கேன் மேடம்."

சனிக்கிழமை வந்தது. கப்பலும் வந்தது. நெட்டா தானே நாற்காலியை ஓட்டிக்கொண்டு துறைமுக வாசலைத் தாண்டி வந்தார். குட்டையான உருவம், வெயிலுக்குப் பெரிய தொப்பி. என் சாய்பலகையை மேலும் கீழும் பார்த்தார்.

"செங்குத்து கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா வெல்டிங் சுத்தமா இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மிதப்பிலேயே நேராக மிஸ் ஒரில்லா கடைக்கு ஓட்டினேன்.

மிஸ் ஒரில்லாவின் உப்புமீன் பிரட்டலுக்கு ஈடு கிடையாது. ஆனால் அவள் கடைக்கு முன்னால் மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதற்கு அப்புறம் இரண்டு படி. வேனை நிறுத்திவிட்டு, அன்றைக்குத்தான் முளைத்தது போல அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மிஸ் ஒரில்லா, எப்போ வச்சீங்க இந்தப் படிய?"

"எங்கப்பன் வச்சது. தினமும் சாப்பிட்டுட்டு அதுலதானே உக்காந்து பல்லு குத்தற?"

அதற்குள் உள்ளேயிருந்து நான்கு ஆண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் சாய்தளம் கிடையாது, தோள் உண்டு.

"ஒரு நிமிஷம் மேடம், அப்படியே தூக்கிடறோம்."

"வேணாம்ப்பா. இந்த நாற்காலி மட்டுமே ஒரு மாட்டு எடை. உங்க இடுப்பு எனக்கு முக்கியம்" என்றார் நெட்டா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நாற்காலியின் விசையை அவர் கை இறுக்கிப் பிடித்திருந்தது.

மிஸ் ஒரில்லா தட்டை வேனுக்கே கொண்டுவருவதாகச் சொன்னாள்.

"முப்பது வருஷம் பஸ் சீட்டுலயே ரொட்டி தின்னாச்சு அம்மா. வண்டியில சாப்பிட இவ்வளவு தூரம் வரல."

இரண்டாவது இடம் நியூடவுன் கடற்கரைப் பக்கம். அங்கே சாய்தளம் இருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தெரியும், ஏனென்றால் போன வருஷம் அதில் வழுக்கி விழுந்திருக்கிறேன். போய்ப் பார்த்தால், அது பின்பக்கம் பீர் பெட்டி உருட்டுவதற்காகப் போட்டது. நெட்டா அதில் ஏறிப் போய்க் கதவைத் தட்டினார். கதவு நாலு விரல் திறந்து நின்றுவிட்டது. உள்ளே கதவை ஒட்டி ஐஸ் பெட்டி. அதை நகர்த்த வேண்டுமானால் உள்ளே இருக்கும் மீனையெல்லாம் வெளியே எடுக்க வேண்டும் என்றான் கடைக்காரன்.

"எடுப்பா" என்றேன்.

"எடுத்தா மத்தியானத்துக்கு நாறிடும் அங்கிள்."

நெட்டா நாற்காலியைத் திருப்பாமல் பின்னோக்கியே ஓட்டி இறங்கி வந்தார். நான் முன்பக்கமாக விழுந்ததைவிட அழகாகத்தான் இறங்கினார்.

"பத்து கடைன்னீங்க. மிச்சம் எட்டு" என்றார்.

வேனை எடுத்தேன். பச்சை மணிக்கூண்டு ரவுண்டானாவைச் சுற்றினேன். ஒரு தெருவுக்குள் போய்த் திரும்பினேன். மறுபடி மணிக்கூண்டு. மனதில் ஒவ்வொரு கடையாக நிறுத்திப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு படி முளைத்தது. ஒன்று மாடியில் இருந்தது. அங்கே போகும்போதெல்லாம் நான் ஏறித்தான் போயிருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைத்தது. நாற்பது வருஷமாக வாய் மட்டும்தான் கடைக்குப் போயிருக்கிறது, கண் வேனிலேயே இருந்திருக்கிறது.

படியே முளைக்காத கடை ஒன்றும் மனதில் வந்தது. அதைத் தள்ளிவிட்டேன். மறுபடி வந்தது.

"மிஸ்டர் மேனார்டு" என்றார் நெட்டா பின்னாலிருந்து. "இந்தப் பச்சைக் கடிகாரத்த நாம பார்க்கறது மூணாவது தடவை. நானும் வண்டி ஓட்டினவதான். ஒருத்தர் ஒரு தெருவுக்குள்ள போகாம ஒதுங்கறாருன்னா எனக்குத் தெரியும். அந்தத் தெருவுல என்ன இருக்கு?"

அந்தத் தெருவில் ஆஸ்மண்ட் ஹேன்லியின் டயர்க் கடை இருக்கிறது. சனிக்கிழமைகளில் அவன் பாதிக் கடையை ஒதுக்கி ஆட்டுத் தண்ணி விற்பான். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். கிராம்பும் பச்சைப் பப்பாளியும் போட்டு, மாவு உருண்டை மிதக்க, விறகடுப்பில் கொதித்த கறிக்குழம்பு அது. கார்களே உள்ளே வந்து போகிற இடம் என்பதால் ரோட்டுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு மேடும் கிடையாது.

"ரொம்ப நல்லது. அப்புறம் ஏன் போகல?"

சொன்னேன். வேறு வழியில்லை. எங்கள் ஊரில் டாமினோ ஆட்டத்தில் ஒருவன் வரிசையாக ஆறு ஆட்டம் தோற்று, ஒன்றுகூட ஜெயிக்காமல் எழுந்தால், அதற்குப் பிறகு ஊருக்குள் தலைகாட்டக் கொஞ்ச நாள் ஆகும். ஒரு ஈஸ்டர் சனிக்கிழமை ஆஸ்மண்ட் என்னை அப்படி ஆறுக்குப் பூஜ்யம் என்று எழுப்பிவிட்டான். அதோடு விட்டானா? ராத்திரியோடு ராத்திரியாக என் வேனின் பின்னால் ஆறு பால் டப்பாக்களைக் கட்டிவிட்டான். மறுநாள் காலை நான் அதை இழுத்துக்கொண்டே சர்ச்சுக்குப் போனேன். பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டார். "இனிமே உன் கடை வாசப்படிய மிதிச்சா நான் மேனார்டு இல்லடா" என்று சந்தையில் வைத்து அவனிடம் சொன்னேன். சந்தையில் எல்லாரும் கேட்டார்கள்.

நெட்டா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அதாவது, நீங்க டாமினோவுல தோத்ததுக்கு நான் பட்டினி."

"அப்படிச் சொன்னா கேக்க அசிங்கமா இருக்கு மேடம்."

"எப்படிச் சொன்னா நல்லா இருக்கும்?"

யோசித்துப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் நன்றாக வரவில்லை. வேனைத் திருப்பினேன்.

டயர்க் கடைக்கு எதிரே நிறுத்திச் சாய்பலகையை இறக்கினேன். நெட்டா ரோட்டைக் கடந்து கடைக்குள் போனார். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை; அவ்வளவு சாதாரணமாகப் போனார். நான் வேனுக்குள் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, கியர் கம்பியை மும்முரமாகத் துடைத்தேன்.

"வாங்க மேடம். ஆட்டுத் தண்ணியா, டயரா?" ஆஸ்மண்டின் குரல்.

"சாப்பிட. டயர் நல்லாத்தான் இருக்கு."

"யாரு உங்களத் தூக்கிட்டு வந்தது?" என்று கேட்டுவிட்டு அவன் எட்டிப் பார்த்தான். டாமினோ மேஜையில் காய் அடிக்கிற சத்தம் நின்றது. "அட, யாரது! விங்கி! வேனோட பேரு என்ன சொல்லுது, நீ ஏன்டா உள்ளயே கடுப்பா உக்காந்திருக்க?"

"நான் இங்கயே இருக்கேன். நீ மேடத்த கவனி."

"என் வாசப்படிய மிதிக்க மாட்டாராம் மேடம். சபதம்."

நெட்டா நாற்காலியை அப்படியே திருப்பி, வாசலைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"எந்த வாசப்படி? இங்க படி எங்க இருக்கு?"

ஆஸ்மண்டும் குனிந்து பார்த்தான். டாமினோ ஆட்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அந்தக் கடைக்குப் படியே கிடையாது என்பது அத்தனை பேருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"இல்லாத படிய எப்படி மிதிப்பான்? சும்மா வாடா உள்ள!" என்றான் ஒருவன்.

சட்டப்படி என் வாக்குக்கு ஒரு கீறலும் விழவில்லை. இறங்கிப் போனேன்.

நெட்டாவின் நாற்காலிக் கைப்பிடி மேஜைக்கு அடியில் போகாமல் இடித்தது. ஆஸ்மண்ட் ஒன்றும் பேசாமல் கார் தூக்கும் ஜாக்கிகள் இரண்டை உருட்டிக்கொண்டு வந்து, மேஜையின் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, அளவாக உயர்த்தினான். கிண்ணம் வந்தது, ரொட்டி வந்தது. அதே மேஜையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "அந்தக் காரச் சாற இப்படித் தள்ளுங்கக்கா" என்றாள், தலையைக்கூடத் திருப்பாமல். நெட்டா தள்ளினார்.

ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை. கடை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆஸ்மண்ட் அகப்பையைக் கையில் பிடித்தபடியே அந்த ஈஸ்டர் சனிக்கிழமையை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டான். என் கையில் என்ன காய் இருந்தது, எதை நான் தப்பாக வைத்தேன், அப்போது என் மூஞ்சி எப்படிப் போனது, எல்லாவற்றையும் நடித்துக் காட்டினான். காய் அடிக்கும் இடத்தில் அகப்பையால் டயரை அடித்தான். கை தட்டல் பலமாக இருந்தது. எல்லாம் எனக்குத்தான்.

நெட்டா கிண்ணத்தைத் துடைத்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

"மேடம், கப்பலுக்கு நேரமாகுது" என்றேன் நான் மெதுவாக.

"சும்மா இருங்க மிஸ்டர் மேனார்டு. இப்போதான் நாலாவது ஆட்டத்துக்கு வந்திருக்கார். மீதி ரெண்டையும் கேட்டுட்டு, நானே வெளிய வருவேன்."

ஆஸ்மண்ட் அவர் கிண்ணத்தை நிரப்பினான். பிறகு, கேட்காமலேயே, எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தான். கறி கொஞ்சமாகவும் எலும்பு நிறையவும் இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன்.